பழவேற்காடு: ஒரு கம்பெனி எழுதாமல் விட்ட கணக்கு

பி.காம். முதல் வருடம் படித்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்போம். பொதுமக்களிடம் பங்கு விற்று மூலதனம் திரட்டிய முதல் பெரிய கம்பெனி எது? விடை: டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, 1602. இரண்டு மார்க். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அந்தக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையகம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான் அது! கிறிஸ்துமஸ், பொங்கல் லீவுக்கு நண்டு வறுவல் சாப்பிடவும், பூநாரை பார்க்கவும், ஏரியைப் பின்னணியாக வைத்துப் போட்டோ எடுக்கவும் நாம் போகிற அதே பழவேற்காடு.

இந்தக் கட்டுரை அந்த அழகைப் பற்றியது அல்ல. அழகு எல்லோருக்கும் தெரிகிறது. அந்தத் தண்ணீரின் வழியாக என்ன வந்தது, என்ன போனது, அதில் எதைக் கணக்கில் எழுதினார்கள், எதை எழுதவில்லை என்பதுதான் இங்கே விஷயம். வணிகவியல் மாணவனுக்கு வேறு என்ன தெரியும்? :)

ஆழமும் ஆழமின்மையும்

கப்பலில் போய் ரசிக்கிற நீர்ப்பரப்பு என்றாலே உலகம் நார்வே நாட்டு ஃபியோர்டுகளைத்தான் சொல்லும். பனியாறுகள் மலையைக் குடைந்து போட்ட பள்ளத்தில் கடல் உள்ளே நுழைந்தால் அது ஃபியோர்டு. அங்கே மிக நீளமான சோக்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். கெய்ராங்கர் என்று இன்னொன்று இருக்கிறது. 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கரையில் சில நூறு பேர் மட்டுமே வசிக்கிற அந்தக் குட்டி ஊருக்கு நேர் எதிரே, மாடி மாடியாக உயர்ந்த உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். தண்ணீர் அவ்வளவு ஆழம். அதனால் கப்பல் ஊர் வாசல் வரைக்கும் வருகிறது.

நம் பக்கத்தில் கடல் உள்ளே வந்து தங்குகிற பெரிய நீர்ப்பரப்பு பழவேற்காடு ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு காயல். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். ஸ்ரீஹரிகோட்டா என்கிற நீளமான மணல் தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவர் போலப் படுத்திருக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காலங்கி ஆறும் நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு மீட்டர். பல இடங்களில் மீனவர்கள் இறங்கி நடந்தே போகிறார்கள்.

இந்த ஒரு மீட்டர்தான் ஊரின் முழுக் கதையையும் எழுதியது. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். சரக்கையும் ஆளையும் உள்ளூர்ப் படகுகள்தான் அலையைத் தாண்டி, முகத்துவாரம் வழியாக ஏற்றி இறக்க வேண்டும். வந்தவன் எவ்வளவு பெரிய கம்பெனிக்காரனாக இருந்தாலும் கடைசி இரண்டு மைலுக்கு நம்ம ஊர்ப் படகுக்காரரை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஜாதிபத்திரியில் டிவிடெண்ட்

ஆம்ஸ்டர்டாமில் இருந்தவனுக்குப் பழவேற்காடு எதற்கு? இதற்குக் கம்பெனியின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1602ல் திரட்டிய மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர். பதினேழு பேர் கொண்ட இயக்குநர் குழு. வேலைக்காரப் பெண்கள் கூடப் பங்கு வாங்கினார்கள். போட்ட பணத்தைக் கம்பெனியிடம் திருப்பிக் கேட்க முடியாது. வேண்டுமென்றால் பங்கை இன்னொருவருக்கு விற்கலாம். இன்றைய பங்குச் சந்தையின் அடிப்படை அதுதான். 1610ல் முதல் பங்காதாயம் கொடுத்தபோது கையில் போதிய ரொக்கம் இல்லை. அதனால் ஜாதிபத்திரியாகக் கொடுத்தார்கள்! பிரியாணியில் போடுகிற அதே ஜாதிபத்திரிதான்.

அந்த ஜாதிபத்திரி, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கா, பண்டா தீவுகளில். டச்சுக்காரர்கள் வெள்ளியோடு அங்கே போனார்கள். தீவுக்காரர்களுக்கோ வெள்ளியை விடத் துணி மேல் ஆசை. எந்தத் துணி? சோழமண்டலக் கரைத் துணி. சாயவேர் போட்டு ஏற்றிய சிவப்பு, துவைக்கத் துவைக்கக் கெட்டிப்படும் சாயம், கட்டம் போட்ட கைலி, பூ வரைந்த சேலைத் துணி. பல தலைமுறைகளாகத் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் செட்டிமார்களும் கொண்டு போய் விற்றுப் பழக்கிய சரக்கு அது. மசாலா வாங்க வேண்டுமானால் முதலில் துணி வாங்க வேண்டும் என்று டச்சுக்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1612ல் ஹெண்ட்ரிக் பிரவுவர் என்ற அதிகாரி, சோழமண்டலக் கரையை மொலுக்காவின் இடது கை என்றே வர்ணித்தார். கை போனால் வாய்க்குச் சோறு இல்லை என்று அர்த்தம்.

அப்படித்தான் பழவேற்காடு அவர்கள் கண்ணில் பட்டது. அப்போது இது விஜயநகர அரசின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்று. போர்ச்சுக்கீசியர்கள் முன்பே வந்து குடியேறியிருந்தார்கள். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515ல் தொடங்கியது என்பது மரபு. 1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் டச்சுக்காரர்கள் வியாபார அனுமதி வாங்கினார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியர்கள் சும்மா இருப்பார்களா? 1612ல் வந்து டச்சுப் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். பண்டகசாலை மட்டும் போதாது, கோட்டை வேண்டும் என்று டச்சுக்காரர்கள் முடிவு செய்தார்கள். 1613ல் கோட்டை எழுந்தது. பொறுப்பில் இருந்த வெம்மர் வான் பெர்ஹெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். இந்திய மண்ணில் டச்சுக்காரர்கள் கட்டிய முதல் கோட்டை அது. அதற்குள் நாணயச் சாலை இருந்தது. வெடிமருந்து ஆலையும் இருந்தது. அந்த மருந்து கடல் கடந்து பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா வரைக்கும் போனது.

சென்னை பிறந்த கதை

இங்கே ஒரு கிளைக்கதை. ஆங்கிலேயக் கம்பெனியும் பழவேற்காட்டுக்கு ஆசைப்பட்டது. 1611ல் 'குளோப்' என்ற கப்பலில் வந்து கேட்டார்கள். டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டதால் இடம் இல்லை, மசூலிப்பட்டினம் போனார்கள். 1619ல் இரண்டு கம்பெனிகளும் ஐரோப்பாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1621ல் ஆங்கிலேயர்களுக்குப் பழவேற்காட்டில் பங்கு கிடைத்தது. பேப்பரில் கூட்டாளி, நேரில் போட்டியாளர்! செலவில் பங்கு கேட்டார்கள், சரக்கில் இடம் கொடுக்கவில்லை. 1623ல் மூட்டை கட்டினார்கள். 1626ல் வடக்கே ஆர்மகானில் (துர்கராஜபட்டினம்) கடை போட்டார்கள். அங்கும் தொழில் சரியில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடி வந்து 1639ல் பிடித்த மணல்மேடுதான் மதராசப்பட்டினம்.

அதாவது, பழவேற்காட்டில் ஆங்கிலேயர்களுக்கு நல்ல இடம் கிடைத்திருந்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் ஒருவிதத்தில் சென்னையின் முன்கதைக்குத்தான் போகிறார்கள்.

நெசவாளி ஏட்டில் கடன்காரன்

சரி, துணி எப்படி வாங்கினார்கள்? கம்பெனி நேராகத் தறிக்குப் போகவில்லை. நடுவில் உள்ளூர் வணிகர்கள். டச்சுப் பதிவுகளில் 'மலயா' என்று வரும் அச்யுதப்ப செட்டி அவர்களில் பெரியவர். 1634ல் இறக்கும் வரை பழவேற்காட்டு வியாபாரத்தில் அவர் கை ஓங்கியிருந்தது. பிறகு அவர் தம்பி சின்னண்ணா. கம்பெனிக்குச் சரக்கு பிடித்துக் கொடுத்தார்கள். சொந்தமாகக் கப்பல் விட்டார்கள். ராஜாக்களோடு பேரம் பேசினார்கள். இவர்களை வெறும் தரகர்கள் என்று எழுதுவது தப்பு.

இவர்கள் வழியாக நெசவாளிக்கு முன்பணம் போகும். முன்பணம் வாங்கியவர் குறித்த நாளில் குறித்த அளவு, குறித்த நிறத்தில் துணி கொடுக்க வேண்டும். பஞ்சு விலை ஏறினாலும், மழை பொய்த்தாலும், வழியில் சண்டை நடந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கம்பெனி ஏட்டில் நெசவாளி கடன்காரனாகவே இருப்பார். ஆபத்து யாருடையது, லாபம் யாருடையது என்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற சின்னப் பட்டறைக்காரர்களிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னால், புதுசா என்ன இருக்கு என்று கேட்பார்கள்.

அந்தத் துணியின் பெயர் மட்டும் இன்னும் உலகம் சுற்றுகிறது. மலேசியாவில் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலுக்கும் கட்டிக்கொண்டு போகிற கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். காயின் என்றால் மலாய் மொழியில் துணி. பெலிக்காட் என்றால் நம்ம பழவேற்காடு! கோலாலம்பூர்க் கடைக்காரருக்குத் தெரிந்த ஊர்ப் பெயர், நமக்குப் பிக்னிக் ஸ்பாட்.

ஏட்டில் இருந்த ஆட்கள்

இனிமேல் வருவது சுலபமாக எழுதக்கூடிய பகுதி அல்ல.

பத்தாவியாவை 1619ல் கட்ட ஆரம்பித்தபோது கம்பெனிக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். 1621ல் பண்டா தீவு மக்களைக் கொன்றும் துரத்தியும் ஜாதிக்காய்த் தோட்டங்களைக் கைப்பற்றிய பிறகு அங்கே உழைக்கவும் ஆள் இல்லை. கம்பெனி அடிமைகளைத் தேடியது. சோழமண்டலக் கரையிலும் வங்காள விரிகுடாவைச் சுற்றியும் வாங்கினார்கள். பழவேற்காடு அந்த வியாபாரத்தின் முக்கியத் துறைகளில் ஒன்றாக ஆனது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

எப்போது அதிகம் வாங்கினார்கள்? பஞ்சம் வந்தபோது. 1640களின் நடுவில் மழை பொய்த்து, படையெடுப்பும் சேர்ந்துகொண்டபோது, மக்கள் சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். விலை சரிந்தது. விலை சரிந்தால் கொள்முதலைக் கூட்டு என்று கம்பெனிக்குத் தெரியாதா? துணி, வெடிமருந்து, அரிசி என்று பட்டியல் போட்ட அதே வியாபாரத்தில் ஆட்களும் சரக்குதான். தலைக்கு இவ்வளவு. வழியில் இறந்தால் நஷ்டம்.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் மட்டும் நீதிமன்ற ஆவணத்தால் தப்பித்தது. காத்தரீனா வான் பாலியாகட்டா. அதாவது பழவேற்காட்டுக் காத்தரீனா. 1630களை ஒட்டிப் பிறந்தவர். பத்தாவியாவில் அடிமை. 1656ல் தன்னோடு உறவில் இருந்த ஓர் அடிமை ஆண் இறந்த வழக்கில் மரண தண்டனை பெற்றார். பிறகு அதை ஆயுள் முழுக்க நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். 1657ல் அவரைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். கேப் டவுன் அப்போது ஐந்து வயதுக் குடியிருப்பு. அங்கே தளபதி வீட்டுத் துணி துவைக்கும் வேலை. பிற்காலத்தில் விடுதலை பெற்று, வங்காளத்திலிருந்து வந்த இன்னொரு முன்னாள் அடிமையை மணந்தார். அவருடைய மகன் வழியாக வந்ததுதான் தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பம். அந்தப் பெயர் கொண்ட வெள்ளையர்கள் இன்று அங்கே ஏராளம். அவர்களுடைய ஆதிப் பாட்டிகளில் ஒருவர் நம்ம ஏரிக்கரைக்காரி.

அவரை அவர் அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? காத்தரீனா என்று இருக்காது. அந்தப் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக் கல்லறைக்குக் கட்டாயம் போவார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடு உருவங்கள். உள்ளே பெரிய கல்வெட்டுப் பலகைகள், குடும்பச் சின்னங்கள், இறந்த தேதி, வகித்த பதவி எல்லாம் நெதர்லாந்திலிருந்து நேற்று வந்த மாதிரி பளிச்சென்று செதுக்கியிருக்கும். எலும்புக்கூட்டுப் பக்கத்தில் நின்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். எடுக்கலாம், தப்பில்லை. எடுக்கும்போது ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வாங்கியவர்களுக்குக் கல் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு இல்லை.

ஒரு புத்தகம்

டச்சுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று எழுதிவிட்டுப் போகவும் முடியாது. 1630களில் பழவேற்காட்டில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து இங்குள்ள மக்களின் நம்பிக்கை, சடங்கு, பண்டிகைகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு 1651ல் அது டச்சு மொழியில் புத்தகமாக வந்தது. பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்தப் புத்தகம் வழியாகத்தான். பழவேற்காட்டுத் திண்ணைப் பேச்சு ஐரோப்பா முழுக்க வாசிக்கப்பட்டது. அதே ஊர், அதே கம்பெனி, அதே காலம். ஒரு கட்டடத்தில் புத்தகம் எழுதினார்கள், இன்னொன்றில் ஆட்களை எண்ணினார்கள்.

சரிவு

பழவேற்காடு எப்படி இறங்கியது? 1687ல் கோல்கொண்டா முகலாயர் வசம் விழுந்தது. வடக்கே போரும் குழப்பமும். 1690ல் டச்சுக்காரர்கள் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இதற்கிடையில் மதராஸ் வளர்ந்து வணிகர்களை இழுத்துக்கொண்டது. 1781ல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். பழவேற்காடும் கை மாறிக் கை மாறி வந்தது. 1799 கடைசி நாளோடு டச்சுக் கம்பெனியே திவாலாகி மூடப்பட்டது. (மாபெரும் கம்பெனிகள் மூழ்காது என்று நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்!) 1806ல் ஆங்கிலேயர்கள் கெல்ட்ரியா கோட்டையை இடித்தார்கள். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, 1825ல் ஊர் முழுமையாக அவர்கள் கைக்கு வந்தது. இப்போது கோட்டை இருந்த இடத்தில் புதரும் மண்மேடும் அகழியின் தடமும்தான்.

கோட்டை போனது. ஏரி மட்டும் வேலையை விடவில்லை. பக்கிங்காம் கால்வாய் ஏரி வழியாக ஓடியது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகேறி மதராஸுக்குப் போனது. நகரத்தின் அடுப்பு அதில்தான் எரிந்தது. 1969ல் அந்தத் தீவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் பறந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். ராக்கெட் போகும்போது நாம் மொட்டை மாடியில் நின்று கை தட்டுகிறோம். தீவை விட்டு வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. பழைய கதைதான், இல்லையா?

ஏரியின் சொந்தக் கணக்கு

கம்பெனிகள் வருவதற்கு முன்பும் போன பிறகும் ஏரியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. இறால் நன்றாக விழும் இடங்கள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் வரும். அதனால் கிராமங்களுக்குள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். தலைக்கட்டு இருப்பவருக்குப் பங்கு. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும்.

இதை ரொம்பவும் புகழ்ந்து எழுதிவிடக் கூடாது. பாட்டில் இடம் இல்லாதவர்கள் உண்டு. இறால் ஏற்றுமதிக்கு விலை ஏறியபோது புதிதாக வலை போட வந்தவர்களுக்கும் பழைய பாட்டுக்காரர்களுக்கும் மோதல் வந்தது உண்மை. ஆனாலும் பொதுச் சொத்தை மேலதிகாரி யாரும் இல்லாமல் பங்கு போடும் ஒரு முறை, நம் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு முறை, நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. மேனேஜ்மென்ட் பேப்பருக்கு வெளிநாட்டு உதாரணம் தேடுகிறவர்கள் ஒருமுறை பொன்னேரி பஸ் ஏறலாம்.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் முகத்துவாரம். கடல் வாய் திறந்திருந்தால் உப்பும் மீன்குஞ்சும் உள்ளே வரும். மணல் மூடினால் ஏரி மூச்சு முட்டும். மூடும்போதெல்லாம் மீனவர்களே இறங்கித் தோண்டியிருக்கிறார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். நடுவில் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் தடுப்பு கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். பழவேற்காட்டுக்குத் தெற்கே 2001ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018ல் அதானி குழுமம் அதை வாங்கியது. சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் நடக்க இருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் 2023 செப்டம்பரில் நடக்க இருந்ததும் எதிர்ப்புகளுக்கு நடுவே தள்ளிப்போயின. கரை அரித்தால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மணல் பட்டை என்ன ஆகும் என்பது மீனவர்களின் கேள்வி. வேலை வாய்ப்பு, ஏற்றுமதி, கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குப் பக்கத்திலேயே துறைமுகம் என்பது மறுபக்கத்தின் பதில்.

இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் என் ஒரே கோரிக்கை. துறைமுகத்தின் லாப நட்டக் கணக்கில் கிரேன் தேய்மானம் வரும். கரையின் தேய்மானம் வராது. மீனவர் வீட்டில் குறைகிற வரும்படி எந்தக் கம்பெனியின் செலவுத் தலைப்பிலும் வராது. இதைப் பொருளாதாரத்தில் புறச்செலவு என்று படிக்கிறோம். 1640களில் பத்தாவியா ஏட்டில் ஆட்களை எழுதியவர் நேர்மையான கணக்காளராகக் கூட இருந்திருக்கலாம். கூட்டல் சரியாக இருந்திருக்கும். அந்த ஏட்டில் இடமே இல்லாத விஷயங்கள்தான் தப்பாக இருந்தன.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நார்வேக்காரர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள தங்கள் ஃபியோர்டுகளுக்குள் வரும் பயணிகள் கப்பல்கள் மாசு வெளியேற்றாமல் வர வேண்டும் என்று சட்டம். சின்னக் கப்பல்களுக்கு 2026லிருந்து. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். தண்ணீர் அனுமதிக்கும் ஆழம் ஒன்று, ஊர் அனுமதிக்கும் அளவு இன்னொன்று என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பணக்கார நாடு, செய்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் அளவு வைப்பதற்குப் பணம் தேவையில்லை. பாடு போடுகிற மீனவர்கள் அதைத்தான் பல தலைமுறைகளாகச் செய்கிறார்கள்.

நம் பக்கம் அளவு மீறியதற்கு ஒரு கசப்பான தேதியும் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆகவே போகிறவர்கள், யாராவது கரையில் நின்று "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் ஏற வேண்டாம். ஒரு மீட்டர் ஏரி என்று அலட்சியம் வேண்டாம். முகத்துவாரத்தின் நீரோட்டம் வேறு கதை.

கரையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. குளிர் காலத்தில் பூநாரைகள். டச்சுக் கல்லறை. செம்புரான் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். நிழல் பார்த்துத் தொழுகை நேரம் சொல்லும் சூரியக் கடிகாரம் உள்ள சின்னப் பள்ளிவாசல். மகிமை மாதா ஆலயம். எல்லாம் நடந்து போகிற தூரம். நண்டு, இறால் வாங்கினால் ஏலக்கூடத்துப் பக்கம் மீனவப் பெண்களிடமே வாங்குங்கள். பேரம் ரொம்பப் பேசாதீர்கள்.

அடுத்த செமஸ்டரில் யாருக்காவது அந்த இரண்டு மார்க் கேள்வி வந்தால், விடையை எழுதிவிட்டுப் பக்கத்தில் சின்னதாகப் பழவேற்காடு என்றும் எழுதிவிடுங்கள். மார்க் கூடாது, குறையவும் குறையாது. திருத்துகிற பேராசிரியர் ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்தால் போதும்.